‘குவைத்ல ஏது டீச்சர் மணல் மேடு?’

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் துணி வடிவமைப்பு படிப்பிக்கிறேன். ஒன்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நிறம், அச்சு, பத்திக், தையல் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரே ஒரு வேலையாவது செய்து பார்ப்போம் என்று 2022 பெப்ரவரியில் இறங்கினேன். 2023 செப்டெம்பரில் முடிந்தது. கையை விட்டுப் போனது நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். திரும்பி வந்தது எழுபத்தெட்டாயிரம். ஏழு துண்டு நெய்தேன், இரண்டு விற்றது. இந்த வேலையில் இறங்குமுன் விஷயம் தெரிந்த ஒரு ஆள் என்னை உட்கார வைத்து ரெண்டு மணி நேரம் பேசியிருந்தால் பாதிக் காசு மிஞ்சியிருக்கும். அப்படி யாரும் வாய்க்கவில்லை. பேசியிருக்கக்கூடிய ஒரு ஆள் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் நான் கேட்கவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன், வரிசையாகவே சொல்கிறேன்.

அம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. 1999. அதுவரை தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். அப்பாவின் வைத்தியச் செலவும், இடிந்துபோன காம்பராவும், அதாவது எங்கள் லயத்து ஒற்றை அறை வீடும், கடனும் சேர்ந்து அவளை ஏஜென்ட் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டன. என்னை அம்மாயி வளர்த்தது. மாதம் ஒரு தடவை போன் வரும். ‘மாமா நல்லா வச்சிருக்காங்க’ என்பாள். எனக்கு யார் இந்த மாமா என்று ஒரே குழப்பம். வீட்டுக்காரியைத்தான் அங்கே மாமா என்று கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. 2008ல் வந்தாள். ஒரு கம்பளி, ஒரு பவுன் செயின், பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த நாலு விரல் அகலப் பட்டி ஒன்று. கறுப்பு, வெள்ளை, சிவப்பு. முக்கோணமும் புள்ளியும் பல் பல்லாய் ஓடுகிற கோலம். அந்த வீட்டுப் பெரியம்மா கொடுத்ததாம். அந்தப் பட்டி எங்கள் இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஆணியில் பல வருடம் குடை மாட்டத்தான் பயன்பட்டது. வடிவமைப்பு படித்த பிறகுதான் ஒரு நாள் அதைக் கழற்றிப் பார்த்து, இதென்ன இப்படி நெய்திருக்கிறார்கள் என்று வாய் பிளந்தேன்.

அதற்குப் பெயர் அல் சதூ. பதூயின் பெண்கள், அதாவது ஆடு ஒட்டகத்தோடு பாலையில் இடம் மாறிக்கொண்டே வாழ்ந்த மக்களின் பெண்கள், தரையில் நாலு முளை அடித்து, பாவு என்கிற நீளவாக்கு நூலை நீட்டி நெய்வது. செம்மறி மயிர், ஆட்டு முடி, ஒட்டக முடி மூன்றும் வரும். குறுக்கே போகிற ஊடு நூல் வெளியே தெரியாது, பாவு நூல்தான் கோலம் காட்டும். கூடாரத் துணி, திரை, திண்டு, ஒட்டகச் சுமை கட்டும் வார் எல்லாம் இதில்தான். இடம் மாறும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததை அப்படியே சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். நடுப்பட்டையில் வரும் உருவங்களை ஷஜரா என்பார்கள், மரம் என்று அர்த்தம். கைதேர்ந்தவள்தான் அதை நெய்வாள். கால்நடைக்குப் போடும் தன் குலத்துச் சூட்டுக்குறி, ஒட்டகம், காப்பிப் பாத்திரம் என்று தான் தினம் பார்ப்பதை அதில் வைப்பாள். 2011ல் ஐக்கிய அமீரகத்தின் சதூவை யுனெஸ்கோ அவசரமாய்ப் பாதுகாக்க வேண்டிய மரபு என்று பட்டியலில் சேர்த்தது. 2020ல் சவூதியும் குவைத்தும் சேர்ந்து தங்கள் சதூவைப் பதிந்தன. இவ்வளவும் நான் தேடித் தேடிப் படித்தேன். ‘தினம் பார்ப்பதை வைப்பாள்’ என்ற வரியை எத்தனையோ தடவை படித்திருப்பேன், மண்டையில் ஏறவில்லை.

எனக்கு வந்த யோசனை இதுதான். நம்ம ஆட்கள், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த மலையகத் தமிழர், மலைக்கு வந்து 200 வருடம் 2023ல் நிறைகிறது. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தவர்கள். அவர்கள் பேத்தி விமானம் ஏறிப் பாலைவனத்துக்கு நடையைக் கட்டினாள். தேயிலை மலை தூரத்திலிருந்து பார்த்தால் வரி வரியாய்த் தெரியும். மணல் மேடும் வரி வரியாய்த்தான் தெரியும். ரெண்டையும் ஒரே துணியில் கொண்டுவந்தால்? நோட்டுப் புத்தகம் முழுக்க வரைந்து தள்ளினேன். போனில் பாலைவனம் என்று தேடி, பொன்னிறத்தில் அலை அலையாய் எழும்பும் மணல் மலைகளைப் பார்த்துப் பார்த்து நாற்பது வரைபடம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ‘நல்லாருக்கு புள்ள’ என்றாள். சந்தோஷமாயிருந்தது.

முதல் அடி நூலில் விழுந்தது. கம்பளி நூல் நம் நாட்டில் கிடைப்பது சொற்பம், அதுவும் கைப்பின்னலுக்குள்ள மெத்து நூல். முறுக்கேற்றிய நூல் இந்தியாவிலிருந்து வரவேண்டும் என்று ஒரு வியாபாரி சொன்னார். 23 கிலோ, கிலோ எட்டாயிரம். பாதிப் பணம் தொண்ணூற்றிரண்டாயிரம் முன்கூட்டியே கட்டினேன், சீட்டு எடுத்த காசு. மிச்சம் சரக்கு வந்ததும். கடுதாசியில் விலை ‘அன்றைய டொலர் விலைப்படி’ என்று ஒரு வரி இருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த மாதமே ரூபாயின் மதிப்பைப் பிடித்து வைக்காமல் சந்தைப் போக்கில் மிதக்க விட்டார்கள். மே மாதம் 200 ரூபாய் டொலர் 350க்கு மேல். தொண்ணூற்றிரண்டாயிரம் இருந்த மிச்சக் கணக்கு ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம் ஆனது. கட்டாவிட்டால் முற்பணமும் போகும். அம்மாவின் குவைத் செயினை அடகு வைத்தேன். ‘கழுத்துல கெடந்து என்ன செய்யப்போவுது, எடுத்துக்க’ என்றாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இறக்குமதிச் சரக்கு வாங்குகிறவர்கள் விலையை ரூபாயில் எழுதி வாங்குங்கள். மாட்டேன் என்றால் ரெண்டு கிலோ மட்டும் வாங்கி ஒரு துண்டு நெய்து பாருங்கள். ஏழு துண்டுக்கும் சேர்த்து நூல் வாங்கியது என் ஆசை, வேறொன்றுமில்லை. முதல் துண்டிலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும்.

பிறகு தறி. பாலைவனத்துத் தறி சமதரை கேட்கும். ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஏற்ற இறக்கம் இல்லாத மண் வேண்டும், முளை அடிக்க. இதை எங்கள் மலையில் எங்கே தேடுவது? லயத்து வாசலில் நீளம் இருக்கிறது, அதுவும் தண்ணீர் ஓடும் கானை நோக்கிச் சாய்ந்தது, தவிரவும் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். இரண்டு நாள் அடித்துப் பிடுங்கிவிட்டு, தச்சு வேலை செய்கிற ஒரு பாஸ் அண்ணனிடம் சொல்லி மரச் சட்டம் அடித்து, காம்பராவுக்குள் சாய்த்து வைத்தேன், 11,500 ரூபாய். ஊடு நூலை அடித்து இறுக்க அங்கே மான் கொம்பு வைத்திருப்பார்கள். நான் கவ்வாத்தில், அதாவது செடியைக் கத்தரிக்கும்போது, வெட்டிப்போட்ட பழைய தேயிலைத் தூரைச் செதுக்கிக்கொண்டேன். அது மட்டும் அருமையாய் அமைந்தது, இரும்பு மாதிரி கட்டை, இன்றைக்கும் அதைத்தான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். அந்த வருடம் கரண்ட் இல்லை, டீசல் இல்லை, பஸ் இல்லை. மெழுகுவர்த்தி வைத்து நெய்த ராத்திரிகள் உண்டு. கரண்ட் கேட்காத ஒரே வேலை என்று பெருமைகூடப் பட்டேன்.

மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று இந்த ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் பக்கமும் அதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல். காலையில் வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டிவிட்டுப் போன பாவு, சாயந்தரம் வந்து பார்த்தால் தொட்டில் மாதிரி தொங்கும். கட்டுவேன், தொங்கும். மழை விட்டு ரெண்டு நாள் வெயிலடித்தால் விறைத்துக்கொண்டு, நெய்த இடம் சுருங்கி அரை அங்குலம் உள்ளே போகும். மூன்று வாரம் நான் தறியைத்தான் திட்டினேன். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. குடித்தால் நீளும், பலமும் குறையும். பருத்தி அதற்கு மாறு, நனைந்தால் பலம் கூடும். பதூயின் கூடாரத்து ஆட்டு முடித் துணி மழை பட்டால் ஊதிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிடும், உள்ளே ஒழுகாது. எப்போதோ வரும் மழைக்கு அது போதும். அஞ்சு மாசம் விடாமல் பெய்கிற மழைக்கு யார் கூடாரம் நெய்தார்கள்? உலர்த்துவதற்கு ஒரு புத்திசாலித்தனமான வேலை பார்த்தேன். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் காற்று அடிக்குமே, அங்கே ஒரு மூலை கிடைக்குமா என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். ‘டீச்சர், தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கும். ஆட்டு மயிர் வாசம் அடிச்சா என் வேல போயிரும்’ என்று சிரித்தார். நியாயம்தானே.

மழைக்காட்டில் கம்பளி நெய்ய நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் நெய்யுங்கள், மற்ற மாதத்தில் வரையுங்கள், சாயம் போட்டுப் பாருங்கள். பாவுக்குப் பருத்தி, ஊடுக்குக் கம்பளி என்று மாற்றினால் தொங்கல் குறையும், ஆனால் அதைச் சதூ என்று சொல்லிக்கொள்ள முடியாது, கோலம் பாவில்தான் வரவேண்டும். காற்றின் ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 70க்கு மேல் நிற்கிற இடத்தில் நெய்ததைச் சுருட்டி வைக்கவே வைக்காதீர்கள். நான் வாங்கியது எல்லாம் முடிந்த பிறகு.

சாயத்துக்கு வருகிறேன். தேயிலையால் சாயம் போடாமல் மலையகத்து வேலை ஏது? தெரிந்த ஒரு ஸ்டோரிலிருந்து கூட்டித் தள்ளிய தேயிலை ரெண்டு மூட்டை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். வழியில் பொலிஸ் மறித்தது. கழிவுத் தேயிலையை வாங்கவும் வைக்கவும் ஏற்றிப்போகவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. நல்ல தூளில் கலந்து விற்கிறவர்கள் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு. ‘துணிக்குச் சாயம் போட’ என்று நான் சொன்னதைக் கேட்டு அங்கே நின்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்து மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். படிப்பிக்கிற இடத்து அடையாள அட்டையைக் காட்டி, நோட்டுப் புத்தகத்து வரைபடங்களைக் காட்டி, மூட்டையை விட்டுவிட்டு எச்சரிக்கையோடு வந்தேன். ஆட்டோ அண்ணனின் ஒரு நாள் உழைப்பு, அலைச்சல் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்ததுதான் இன்னும் வெட்கம். பிறகு கண்டுபிடித்த வழி எவ்வளவு சுலபம் என்றால், டவுனில் ரெண்டு தேத்தண்ணிக் கடையில் வடிகட்டிய சக்கையை ஒரு வாளியில் போட்டு வைக்கச் சொன்னேன். காசில்லை. வந்த அன்றே கொதிக்க வைத்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் பூஞ்சை.

தேயிலைச் சாயம் கம்பளியில் நன்றாகவே பிடிக்கும். படிகாரத்தில் ஊறப்போட்டால் காய்ந்த மானாப்புல் நிறம். அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு, கலந்தால் சாம்பலும் கறுப்பும். அந்தக் கறுப்பின் மேல் எனக்கு மோகம். ஆணியில் தொங்கிய பட்டியின் கறுப்பு போல் வரவேண்டும் என்று அன்னபேதியை அள்ளிப் போட்டேன். இரும்பு நாரைத் தின்னும். மூன்றாவது துண்டில் கறுப்புப் பாவு மட்டும் படக் படக்கென்று அறுந்தது, அதற்குக் காரணம் இதுதான். நூல் எடையில் நூற்றுக்கு ரெண்டு பங்குக்கு மேல் போடாதீர்கள், கறுப்பு போதவில்லை என்றால் தேயிலையில் இன்னொரு தடவை முக்குங்கள். சிவப்புக்குப் பதிமுகக் கட்டை வாங்கினேன், மருந்துக் கடையில் கிடைக்கும், பாத்திரத்தில் ரத்தம் மாதிரி இறங்கும், பார்க்க அவ்வளவு அழகு. அது வெளிச்சம் தாங்காது. கண்காட்சி விளக்கின் கீழ் பத்து நாளில் என் சிவப்பெல்லாம் வெற்றிலை துப்பிக் கழுவிய சுவர் போல் ஆகிவிட்டது. சாயம் போட்ட நூலைத் தடித்த அட்டையில் சுற்றி, பாதியை மறைத்து, மூன்று வாரம் ஜன்னலில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை வருடா வருடம் படிப்பிக்கிறவள் நான். ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரையோரம் சாயவேர் தோண்டி ஏற்றியிருக்கிறார்கள், நல்ல சிவப்பு. நம் ஆட்கள் வந்து இறங்கிய அதே கரை. அதை எடுத்துச் செய்திருந்தால் கதையும் சேர்ந்திருக்கும், சாயமும் நின்றிருக்கும். யோசனை வந்ததும் எல்லாம் முடிந்த பிறகுதான்.

2023 ஜூலையில் ஏழும் முடிந்தது. கொழும்பில் ஒரு தனியார் கலைக்கூடம் படங்களைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டது. அந்த மின்னஞ்சலை அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். நான்கு பக்க ஒப்பந்தம், ஆங்கிலத்தில். கையெழுத்து வைக்க எனக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. விற்றால் நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு என்பது தெரியும். மரச் சட்டமும் பின்துணியும் என் செலவு என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எழுபத்து நாலாயிரம். விற்காததை ஏழு நாளில் எடுக்காவிட்டால் வைக்கும் இடத்துக்குப் பொறுப்பில்லை என்பதும், படங்களை ‘விளம்பரத்துக்கும் தொடர்புள்ள தேவைகளுக்கும்’ பயன்படுத்தலாம் என்பதும் நாலாம் பக்கத்தில். அந்தத் தொடர்புள்ள தேவை என்னவென்று நாலு மாதம் கழித்து ஒரு பழைய மாணவி அனுப்பிய படத்தில் பார்த்தேன். ஒரு விடுதியின் நாற்காலித் திண்டு உறையில் என் நாலாவது துண்டு, அச்சாக. கேட்டேன். ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று ஒரு வரிப் பதில் வந்தது. 2003ஆம் வருட 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கலைப்படைப்புக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு, பதிய வேண்டியதில்லை. ஆனால் நானே கையெழுத்து வைத்து வழி விட்டிருக்கிறேனே. ஒரு கோலத்தைப் பொருளில் போட்டு விற்க நினைத்தால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம், ஐந்து வருடம், இரண்டு தடவை நீட்டலாம். அதைக் கண்காட்சியில் மாட்டுமுன் செய்துகொள்ளுங்கள், வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்பந்தத்தைத் தமிழில் ஒருவர் வாசித்துச் சொல்லும் வரைக்கும் பேனாவைத் தொடாதீர்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்ற ரோஷம்தான் என்னைக் கெடுத்தது.

கொண்டுபோன கதை சிரிக்கிற கதை. வேன் பிடித்தால் முப்பத்தையாயிரம் கேட்டார்கள். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறியில் ஒன்பதாயிரத்துக்கு இடம் கிடைத்தது. பொலித்தீன் சுற்றித்தான் அனுப்பினேன். கம்பளி ஈரத்தை மட்டுமா இழுக்கும், வாசனையையும் இழுக்கும். திறப்பு விழா அன்று வெள்ளைச் சுவர், மஞ்சள் விளக்கு, வந்தவர்கள் கையில் கிண்ணம், நடுவில் என் பாலைவனம். மெல்ல மெல்ல லீக்ஸ் வாசம் அடித்தது. ஒரு அம்மையார் இது வேண்டுமென்றே வைத்த அனுபவமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், என்ன செய்ய.

நாலாம் நாள் மத்தியானம் ஆளில்லாத நேரம். வாசலில் காவலுக்கு நின்ற அண்ணன் உள்ளே வந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பதுளைப் பக்கத்து ஆள், எங்கள் ஆள்தான். குவைத்தில் பன்னிரண்டு வருடம் டிரைவராய் இருந்தாராம். பெரிய துண்டின் முன் ரொம்ப நேரம் நின்றார். ‘இது எந்த ஊரு டீச்சர்?’ கீழே எழுதியிருக்கிறது, குவைத், என் அம்மா இருந்த இடம் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: ‘குவைத்ல ஏது டீச்சர் மணல் மேடு? தட்டையாத்தானே கெடக்கும். நான் எவ்வளவு ஓட்டியிருக்கேன். இந்த மாதிரி மலை மலையா பாத்ததே இல்ல.’ மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள், கலை தெரிந்தவர்கள் வந்து போயிருக்கிறார்கள், ஒருவரும் கேட்காத கேள்வி. அன்று மீதி நேரம் பெரிய துண்டின் பக்கம் போகவே கூச்சமாயிருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் அம்மாவிடம் கேட்டேன். ‘அம்மா, குவைத்துல மணல் மேடு இருந்திச்சா?’ ‘எங்க இருந்திச்சி. தட்டக் காடு. பொடிக் கல்லு. முள்ளுச் செடி அங்கங்க. மழ பேஞ்சா அதுல மஞ்சப் பூ பூக்கும், அர்ஃபஜ்னு சொல்லுவாங்க.’ அதுதான் குவைத்தின் தேசியப் பூ, நான் படித்திருக்கிறேன், என் துணியில் இல்லை. பிறகு ஏன் முன்னமே சொல்லவில்லை என்றேன். ‘நீ டீச்சராச்சே. படிச்சிட்டுத்தான் செய்றேன்னு நெனச்சேன்.’ அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேசினாள். ஒன்பது வருடத்தில் பாலைவனத்துக்கு அவளைக் கூட்டிப் போனது நாலே தடவை, குளிர் காலத்தில் அந்த வீட்டார் கூடாரம் அடித்துத் தங்கப் போகும்போது. அங்கேயும் இருபது பேருக்குச் சோறு ஆக்கத்தான். ராத்திரிக் குளிரில் நம்ம ஊர் மாதிரியே இருந்ததாம், அழுதாளாம். கூடாரத்துக்குள் ஆம்பளைப் பக்கத்தையும் பொம்பளைப் பக்கத்தையும் பிரித்த திரையில்தான் அந்தக் கோலத்தை முதலில் பார்த்தாளாம். மற்ற நாளெல்லாம் அடுப்படி, மொட்டை மாடி, துணி காய்கிற கொடி, வெயிலில் கொதிக்கிற தண்ணித் தாங்கி. 2003ல் சைரன் ஊதினால் ஜன்னல் இல்லாத அறைக்குள் எல்லோரும் போய் உட்கார்ந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரியும். தூசிப்புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், ஜன்னல் விளிம்பு, படி, கட்டில் அடி எல்லாம் மணல். ‘மணல நான் நின்னு பாத்ததில்ல புள்ள, கூட்டி அள்ளியிருக்கேன்’ என்றாள்.

அந்த ஒரு வரியில் ஏழு துண்டு இருந்தது. நான் வேறெங்கோ தேடியிருக்கிறேன். என் பிள்ளைகள் யாராவது குடும்பத்துக் கதையை வைத்து வேலை செய்ய வந்தால், இப்போது முதல் மாதம் பென்சிலைத் தொட விடுவதில்லை. அந்த ஆளோடு போய் உட்கார், கேள், போனில் பதிவு செய், அங்கே எது கைக்குப் பட்டது என்று கேள், எதைக் கழுவினாய், எதைத் தூக்கினாய் என்று கேள். ‘பாலைவனம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் நல்லாருந்திச்சி என்றுதான் பதில் வரும். வேலை நடக்க நடக்க அந்த ஆளிடம் காட்டுங்கள், காட்டும்போது ‘எப்படி இருக்கு’ என்று கேட்காமல் ‘இதுல என்ன தப்பு’ என்று கேளுங்கள். மரபு ஒன்றை எடுத்துச் செய்கிறவர்கள் பெயர் வைப்பதிலும் கவனமாக இருங்கள். நான் அட்டையில் ‘சதூ நெசவு’ என்று எழுதியிருந்தேன். தாய்வழியாகப் பழகி வருகிற கலை அது, நான் ஒரு பட்டியைப் பார்த்துப் படித்தவள். சதூவைப் பார்த்து நெய்தது என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.

கண்காட்சி முடிந்து ஏழு நாளில் போய் எடுக்க முடியவில்லை, பரீட்சை மேற்பார்வை. பதினெட்டாம் நாள் போனபோது ஐந்தும் படிக்கட்டுக்குக் கீழே, பொலித்தீன் சுற்றியபடி. பின்துணியிலும் மரச் சட்டத்திலும் பூஞ்சை பிடித்து அங்கிருந்து கம்பளிக்கு ஏறியிருந்தது. ஒன்றில் அந்துப்புழு. பொலித்தீன் ஈரத்தை வெளியே தடுப்பது போலவே உள்ளே அடைத்தும் வைக்கும், அதனால் பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேலே மட்டும் பொலித்தீன் போடுங்கள், போய்ச் சேர்ந்ததும் கழற்றச் சொல்லுங்கள். விற்ற ரெண்டும் அறுபத்தையாயிரம் வீதம், தரகு போக எழுபத்தெட்டாயிரம் மூன்று மாதம் கழித்து வந்தது. அதை அப்படியே செயின் அடகில் கட்டினேன், அது இன்னும் முழுதாக மீளவில்லை.

மிச்ச ஐந்தையும் வெயில் கண்ட நாளில் தட்டி உதறிக் காய வைத்துச் சுருட்டி, பார்க்கப் பிடிக்காமல் தட்டின் மேல் போட்டுவிட்டேன். போன பங்குனியில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து பெரிய துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். பூஞ்சை பிடித்த பக்கத்தைத் தள்ளிவிட்டு நல்ல பக்கத்தை நாலு விரல் அகலத்துக்கு. ஐயோ என்று கத்திவிட்டேன், கிலோ எட்டாயிரம் ரூபாய் நூல் அது. அவள் நிமிரவில்லை. கீழ் லயத்து அக்காவுக்குக் கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் அறுக்கிறதாம், சாக்குத் துண்டு வழுக்குகிறதாம், அதற்குப் பட்டி தைக்கிறாளாம். ‘அங்க ஒட்டகத்துக்கு இதத்தான் கட்டுவாங்க’ என்றாள். மறுநாள் அந்த அக்கா மலையிலிருந்து வரும்போது கூடையோடேயே வாசலில் நின்றார். ‘டீச்சர், நல்லா புடிச்சி நிக்குது, நனஞ்சாலும் வழுக்கல. நாலாம் நம்பர் மலையில எல்லாரும் கேக்குறாளுக.’ அம்மா அதற்குள் அடுத்த துண்டை விரித்து, மணல் மேட்டின் குறுக்கே விரலால் அளக்க ஆரம்பித்திருந்தாள்.